தனத்துக்கு எத்தனை இஞ்சு?

தாலிச் சங்கிலியைப் போட்டுக்கொள்ளப் போகிறவள் என் தங்கை தனம். கண்ணாடி முன்னால் நின்று அதைக் கழுத்தில் வைத்துப் பார்த்தவரோ, அவளுக்கு மாமியாராகப் போகிறவர்.

ஈப்போவில் நான் வேலை பார்க்கும் நகைக்கடை. சில வருஷங்களுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஏர்கோன் பாதி உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளியே அஞ்சடி நடைபாதையில் வடை சுடும் எண்ணெய் வாசனை உள்ளே வந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சொந்த ஊர் சித்தியவான், இப்போது இருப்பது ஈப்போவில்தான். பெயரை எழுதப்போவதில்லை. இந்தப் பத்திரிகை சித்தியவானிலும் விற்கிறது, தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

அத்தை நல்ல உயரம். அகலமான தோள். முப்பது இஞ்சு முறுக்குச் சங்கிலி அவருக்கு நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே அழகாக விழுந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இதான். இதே நீளம் எடுங்க. எங்க வீட்டு மருமகளுக்குத் தாலி வெளிய தெரியணும்."

தனம் அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஒல்லிக் குச்சி. அதே சங்கிலி அவளுக்கு வயிற்றில் வந்து இடிக்கும்.

"தனத்துக்குப் போட்டுப் பாத்துட்டு எடுக்கலாமே அத்தை," என்றேன்.

கடையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் போட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடி தாலிச் சங்கிலிய பொண்ணு கழுத்துல போடுவாங்களாலா? நகைக்கடையில இத்தன வருசம் என்னா வேலை பாக்குறே நீ?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஆட்களில் அதுதான் வழக்கம். வாழ்நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டிய ஒரே நகையை மட்டும், போட்டுக்கொள்ளப் போகிறவள் போட்டுப் பார்க்கக் கூடாது. செருப்பைக்கூடக் காலில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறோம்.

என் கழுத்தில் ஏறாதது

போன வாரம் மூக்குத்தி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகி பத்திரிகைக்குப் போன் செய்திருந்தாராம். "தினமும் தங்கத்தைத் தொடுகிறீர்களே, உங்களுக்கு ஆசையே வராதா?" என்று கேட்டாராம். வராதம்மா. மீன் வெட்டுகிறவனைப் போய்க் கேட்டுப் பாருங்கள், வீட்டில் என்ன குழம்பு வேண்டும் என்று.

ஆனால் நீளம் மட்டும் எனக்குப் பார்த்தவுடன் சொல்ல வரும். கடைக்குள் ஒருத்தி நுழையும்போது அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்த்துவிடுவேன். பதினாறு இஞ்சு காறை எலும்பின் மேல் உட்காரும். பதினெட்டு, அதற்கு இரண்டு விரல் கீழே. இருபத்து நான்கு, நெஞ்சுக்கு நடுவில். முப்பது என்றால் புடவைக்கு மேல் கிடக்கும், கல்யாண மண்டபத்துக்கு லாயக்கு.

குட்டைக் கழுத்துக்காரிக்கு ஒட்டின மாதிரி அட்டிகை போட்டுவிட்டால் இருக்கிற கழுத்தும் காணாமல் போய்விடும். நீண்ட முகத்துக்கு நீளச் சங்கிலி போட்டால் முகம் இன்னும் இழுத்துக்கொண்டு போகும். பாஜு கூரோங் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிற பெண்ணுக்கு ஒரு நீளம், தாதிக்கு ஒரு நீளம், தொழிற்சாலையில் மிஷினுக்கு மேல் குனிந்து நிற்கிறவளுக்கு ஒரு நீளம். யாரும் இதைக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் சங்கிலி எவ்வளவு நீளம் என்றுதான் கேட்பார்கள்.

மற்ற நகைகளை என் கழுத்தில் போட்டுத்தான் காட்டுவேன். கடை வழக்கம் அது. வெல்வெட் பொம்மையில் போட்டால் நகை செத்துக் கிடப்பது போல இருக்கும், மனுஷக் கழுத்தில் போட்டால்தான் விற்கும் என்பார் எங்கள் முதலாளி தவுக்கே. அட்டிகை, நெக்லஸ், ஆரம், முத்து மாலை எல்லாம் என் கழுத்தில் ஏறி இறங்கியிருக்கின்றன.

தாலிச் சங்கிலி மட்டும் ஏறியதில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்றால் ஆகவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஒரு சோகக் கதை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அம்மா போனபோது தனம் சின்னப் பிள்ளை. அவளை வளர்த்து நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

ஆகவே தாலிச் சங்கிலி கேட்டு ஆள் வந்தால், கல்யாணமான பக்கத்து கவுண்டர் பெண்ணைக் கூப்பிடுவேன். அவள் லீவு என்றால் என் முழங்கையில் போட்டு நீளத்தைக் காட்டுவேன். அதற்கே முகம் சுளிக்கிற தாய்மார்கள் உண்டு. கையைக் கழுவிவிட்டு எடு என்று சொன்ன ஒரு புண்ணியவதியும் உண்டு.

மரத்துக்கா காட்டணும்?

தாலி வெளியே தெரிய வேண்டும் என்று அத்தை சொன்னதும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

அம்மா எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியற்காலை இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நெரைக்குள் இறங்கினால், வெயில் ஏறிய பிறகுதான் பால் வாளியோடு வெளியே வருவார். மழை பெய்தால் மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர் சேர்ந்துவிடும், அன்றைய பால் அவ்வளவுதான். வேலை வாங்கும் மண்டோரிடம் வேறு பேச்சு வாங்க வேண்டும்.

அம்மா கழுத்தில் சங்கிலி இருந்ததில்லை. மஞ்சள் கயிறுதான். அதுவும் பால் பட்டுப் பட்டுக் கறுத்து விறைத்துப் போயிருக்கும். ரப்பர் பால் காய்ந்தால் என்ன நாற்றம் நாறும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். குளித்தாலும் அந்தக் கயிற்றிலிருந்து நாற்றம் போகாது. அம்மா மடியில் படுத்தால் அதுதான் வரும்.

வேலைக்குக் கிளம்பும்போது கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளி, மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொள்வார். அந்த எஸ்டேட்டில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். குனிந்து மரத்தில் கோடு வெட்டும்போது கயிறு தொங்கினால் கத்தியில் மாட்டும்.

ஒருமுறை ஊரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரி, "என்னா, தாலியே தெரியல?" என்று கேட்டாள். அம்மா நிமிராமலே, "மரத்துக்கா காட்டணும்?" என்றார்.

அந்த எஸ்டேட் இப்போது இல்லை. இல்லாமல் போனதற்கு நான் அழவும் மாட்டேன். அந்தக் காலம் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் ஒரு நாள் அந்த வாளியைத் தூக்கியிருக்க வேண்டும். மரங்களை வெட்டினார்கள், செம்பனை போட்டார்கள், பிறகு அதையும் தள்ளிவிட்டு வீடு கட்டி விற்றார்கள். எங்களைக் கிளம்பச் சொன்னார்கள். நாங்கள் ஈப்போவில் சிலிபின் பக்கம் வாடகைக்கு வந்து சேர்ந்தோம், நான் நகைக்கடைக்கு வேலைக்குப் போனேன்.

அம்மா தாலியை மறைத்துப் போட்டதால் அப்பாவுக்கு ஆயுசு குறையவில்லை. அம்மாவுக்குப் பிறகும் அவர் நன்றாகவே இருந்தார்.

"கொக்கிய பத்த வெச்சிடுங்க"

கடைக்குத் திரும்புகிறேன். அத்தை முப்பது இஞ்சில் நிற்கிறார். தனம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

தனம் அப்போது பாலர் பள்ளியில் ஆசிரியை. அவளுக்குக் குரல்தான் சொத்து. ஆடு, மாடு, குரங்கு எல்லாவற்றின் குரலிலும் கதை சொல்லுவாள், பாடுவாள். பிள்ளைகள் அவள்மேல் ஏறி விழுந்து கிடக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் சட்டையெல்லாம் பிசுபிசுவென்று பிஸ்கட் தூளாக இருக்கும்.

"பிள்ளைங்க புடிச்சு இழுக்கும் அத்தை," என்றேன். "பதினெட்டு போதும். சட்டைக்குள்ள போட்டுக்குவா. அதோட இவ பஸ்ஸுக்கு நடந்து போறவ. ரோட்ல ராகூட் பண்றானுங்க, மோட்டார்ல வந்து புடுங்கிட்டுப் போறானுங்க. நீளமா வெளிய தொங்கினா சூசா, தொல்லதான்."

"புடுங்கினா வந்துடுமா? அதுக்குத்தான் கொக்கிய பத்த வெக்கச் சொல்லப்போறேன்."

நெருப்பில் உருக்கி ஒட்டிவிட்டால் கொக்கி பிறகு திறக்காது. எதற்கு என்றுதான் எனக்கு முதலில் புரியவில்லை.

பிறகு சொன்னார். வருஷங்களுக்கு முன்னால், அவர் துணி துவைக்கும்போது சங்கிலிக் கொக்கி கழன்று, தாலி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்ததாம். அந்த வாரமே அவர் வீட்டுக்காரர் மேல் லோரி ஏறி ஒரு கால் போய்விட்டதாம். "தானா கழண்டு விழவே முடியாத மாதிரி இருக்கணும்," என்றார். "எம் புள்ளைக்கு அந்த மாதிரி ஒண்ணு நடக்கக் கூடாது." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அதில் நடிப்பு இல்லை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனாலும் நான் விடவில்லை. "கொக்கின்னு ஒண்ணு வெக்கிறதே கழட்டுறதுக்குத்தான் அத்தை. யாராச்சும் இழுத்தா அது வுட்டுக் குடுக்கணும். இல்லன்னா கழுத்துதான் போகும்."

அத்தை என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தார். அவர் கண் என் கழுத்தில் வந்து நின்றது.

"உங் கழுத்துல ஒண்ணு ஏறியிருந்தா, அதோட அரும உனக்குத் தெரியும்."

தவுக்கே இருமிக்கொண்டே கல்லாவில் எதையோ தேட ஆரம்பித்தார். பக்கத்து கவுண்டர் பெண் குனிந்துகொண்டாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்க எனக்கும் வாய் இருக்கிறது. ஆனால் தனத்துக்கு முப்பத்து நான்கு வயது. இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து, ஒல்லிக் கையையும் காலையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது.

தனம்தான் முடித்துவைத்தாள். "முப்பதே இருக்கட்டும்க்கா. அத்தை சொல்ற மாதிரியே செஞ்சிடு."

கடையில் நகை வேலை செய்யும் பத்தர் பின்கட்டில் நெருப்பை மூட்டி, கொக்கியை வளையத்தோடு சேர்த்துப் பத்த வைத்தார். முடிகூட நுழையாத ஒட்டு. கல்யாணம் முடிந்ததும், கயிற்றில் கட்டிய தாலியை அத்தை அந்தச் சங்கிலிக்கு மாற்றி, தலைவழியாக அவளுக்கு மாட்டிவிட்டார்.

தாலி போகல

கல்யாணமாகி மறு வருஷமோ, அதற்கடுத்த வருஷமோ. பாலர் பள்ளி விட்டுத் தனம் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தாள். பட்டப்பகல். மோட்டாரில் இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையை நீட்டினான்.

சாதாரணக் கொக்கியாக இருந்தால் பட்டென்று விட்டிருக்கும். அவன் சங்கிலியோடு போயிருப்பான், இவள் கழுத்தைத் தடவிக்கொண்டு நடுரோட்டில் அழுதிருப்பாள். இரண்டு நாளில் ஆறியிருக்கும்.

கொக்கி விடவில்லை. அவனும் விடவில்லை. மோட்டார் அவளை லோங்காங் சாக்கடை ஓரம் வரை இழுத்துக்கொண்டு போனது. எதிரே டயர் கடை வைத்திருக்கும் சீன அங்கிள் கையில் கிடைத்த இரும்பைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி ஓடி வந்த பிறகுதான் அவன் கையை எடுத்தான். பள்ளி கேட்டுக்குள்ளே அப்பாவுக்காகக் காத்திருந்த இரண்டு பிள்ளைகள் அத்தனையையும் பார்த்தன.

நான் கடையிலிருந்து போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவசரப் பிரிவுக்கு வெளியே தனத்தின் வீட்டுக்காரர் குமரன் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கழுத்து வீங்கிச் சங்கிலி சதைக்குள் இறங்கிவிட்டதாம், கத்தரித்துத்தான் எடுத்தார்களாம். பைக்குள் சங்கிலி ரத்தத்தோடு சுருண்டு கிடந்தது.

அத்தை வந்தார். வந்தவுடன் மகனிடம் கேட்டது, "தாலி?"

குமரன் பையைத் தூக்கிக் காட்டினார். அத்தை அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "மாரியாத்தா! தாலி போகல!" என்றார். அதன் பிறகுதான் தனம் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? பத்த வெச்சதாலதான் நின்னுச்சு."

அந்த இடத்தில் அவரை அறைந்திருப்பேன். உண்மையைத்தான் எழுதுகிறேன். ஒரு தாதி கதவைத் திறந்துகொண்டு எங்களுக்கு நடுவில் வந்தாள், கை அப்படியே நின்றுவிட்டது.

கட்டு மாற்றிய அன்றைக்கு அத்தை மஞ்சள் கயிற்றோடு வந்தார். சுமங்கலி கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதாம். தனத்தின் கழுத்து முழுக்கத் துணி சுற்றியிருந்தது, குழாய் வேறு போட்டிருந்தார்கள். அவள் கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டினாள். மலாய்க்காரத் தாதி ஒருத்தி, சின்னப் பெண், ஓடி வந்து கையைத் தடுத்தாள். "தா போலே மக்சிக், தா போலே! லூக்கா லாகி!" கூடாது, புண் இன்னும் ஆறவில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் அத்தை கயிற்றைத் தனத்தின் மணிக்கட்டில் கட்டிவிட்டுப் போனார்.

உயிர் பிழைத்தாள். குரல் பிழைக்கவில்லை. குரல்வளை நசுங்கிவிட்டது, இதற்குமேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொண்டையில் மண் அள்ளிப் போட்டது போல ஒரு கரகரப்பு, அதுவும் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். திரும்பப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தாள். கதை சொல்ல வாயைத் திறந்ததும் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதுவிட்டது. அதற்கப்புறம் அவள் போகவில்லை. இப்போது ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

அத்தையோ கோயிலில், கல்யாண வீட்டில், துக்க வீட்டில், போகிற இடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் உயிரையே கொடுத்துத் தாலியைக் காப்பாற்றினாளாம். கேட்டவர்கள் தனத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

என் வாயாலேயே முப்பது

புண் ஆறிய பிறகு, அறுத்த சங்கிலியை ஒட்ட வைக்க அத்தை தனத்தோடு எங்கள் கடைக்கே வந்தார். வேறு கடையா இல்லை இந்த ஈப்போவில்! ஆனால் இங்கேதான் வர வேண்டும், நான்தான் அதைக் கையில் வாங்க வேண்டும்.

இந்தத் தடவை தனம் கல்யாணமானவள். அவள் கழுத்தில் சங்கிலியை வைத்துப் பார்க்க யாரும் தடை சொல்ல முடியாது. நான் பதினெட்டு இஞ்சில் ஒன்றை எடுத்து மெல்ல வைத்தேன். அது போய் உட்கார்ந்தது நேராகத் தழும்பின் மேல். தனம் சுருங்கிப் பின்னால் போய்விட்டாள். இருபது வைத்தேன். திரும்பினால் உரசியது. நீளமாகத் தொங்கினால்தான் முன்கழுத்தில் படாமல் விலகி நின்றது.

"முப்பதுதான் சரியா வரும்," என்று என் வாயாலேயே சொன்னேன்.

"அத நான் அன்னைக்கே சொல்லல?" என்றார் அத்தை.

பத்த வைக்கச் சங்கிலியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குத் திரும்பினேன். கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே தனம் என் கையைப் பிடித்தாள். "பத்த... வேணாங்க்கா," என்றாள். மூச்சுதான் வந்தது, நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

பத்தர் பயந்தார். "அந்த அம்மா கேட்டா நான் என்னா சொல்றது?"

"என்னைய கேக்கச் சொல்லுங்க அண்ணே."

அறுந்த இடத்தை மட்டும் ஒட்டினார். கொக்கியைக் குறடால் நெருக்கி வளையத்தோடு அமுக்கிவிட்டார். பார்த்தால் பத்த வைத்தது போலவே இருக்கும், நகத்தை விட்டு நெம்பினால் திறக்கும். இதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. இன்னொரு தடவை செய்யச் சொன்னாலும் செய்வேன்.

அன்றிலிருந்து தனம் காலையில் தாலி தெரிய வீட்டை விட்டுக் கிளம்புவாள். பஸ் ஸ்டாப்பில் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வாள். சாயங்காலம் வீட்டுக்கு முந்தின சந்தில் மாட்டிக்கொள்வாள். அத்தை தினமும் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தார்.

கம்பார் பெண்

இதெல்லாம் முடிந்த கதை என்றுதான் நினைத்தேன். போன வாரம் அத்தை மறுபடியும் கடைக்குள் நுழைந்தார். கூடவே தனம், குமரனின் தம்பி, தம்பிக்குப் பார்த்திருக்கிற கம்பார் ஊர்ப் பெண், அவள் அம்மா.

அந்தப் பெண் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். மோட்டாரில்தான் வேலைக்குப் போய் வருகிறாளாம். தனத்தைப் போலவே சின்ன உருவம்.

அத்தை கண்ணாடி முன்னால் போய் நின்றார். முப்பது இஞ்சைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தார். அதே திரும்பல், அதே நிமிர்வு.

"இதான். கொக்கிய பத்த வெச்சிடுங்க. மூத்தவளுக்கு பத்த வெச்சதாலதான் தாலி போகல. கேளுங்க அவள."

கம்பார் அம்மா தனத்தைப் பக்தியோடு பார்த்தார். தனம் முன்னால் வந்தாள். ஒரு கையைப் பிடரிக்குக் கொண்டுபோனாள். சங்கிலி கழன்று கையில் வந்தது. அதைத் தாலியோடு கண்ணாடி மேல் வைத்தாள்.

"பத்த வெக்கல அத்தை," என்றாள். ஏர்கோன் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தோ என்னவோ, மறுபடி சொன்னாள். "ரிப்பேர் பண்ணப்பவே பத்த வெக்கல. தெனம் கழட்டுறேன். ஒங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் இருக்காரு."

பிறகு கம்பார் பெண்ணைப் பார்த்து, கழுத்திலிருந்த துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். அந்தத் தழும்பை நானே அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

அத்தையும் அந்தத் தழும்பைப் பார்த்தார். எனக்கு ஒரு நப்பாசை வந்தது. மனுஷிதானே, யோசிப்பார் என்று.

"அதானே பாத்தேன்," என்றார். "ஏன் உன் வயித்துல இன்னும் ஒண்ணும் தங்கலன்னு."

தனம் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள். சங்கிலி கண்ணாடி மேலேயே கிடந்தது. குமரனின் தம்பிதான் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தனம் இப்போது சிலிபினில் என்னோடு இருக்கிறாள். குமரன் போன் செய்கிறார், அம்மா கோபம் தணியட்டும் என்கிறார். இவள் குரல் போனில் சரியாகக் கேட்பதில்லை, ஆகவே நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் என்ன பதில் சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும்.

அன்று தனம் போன பிறகு, நான் கம்பார் அம்மாவைப் பார்த்தேன். மகளைப் பெற்றவர், இவ்வளவையும் கண்ணால் கண்டவர். அவர் மெதுவாகச் சொன்னார், "நமக்கு எதுக்கு வம்பு. அவங்க சொல்ற மாதிரியே போட்டுடுங்க."

அத்தை போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். "அடுத்த வாரம் வெள்ளிக்கெழம வாரேன். இந்தத் தடவ பத்தர் பக்கத்துல நானே நின்னு பாப்பேன்."

கம்பார் பெண் வாசலில் செருப்பை மாட்டும்போது கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் பார்த்தேன்.

தனத்திடம் இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது என்றாள். ஆகவே கம்பார் பெண்ணே, இந்த வாரம் எழுதியது உனக்காக. கல்யாணம் தை மாதம்தான். உன் சங்கிலி இன்னும் எங்கள் கடையில், பத்தரின் தட்டில் கிடக்கிறது. கொக்கியை இன்னும் பத்த வைக்கவில்லை. இந்தத் தடவை நான் யாருக்கும் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது, உனக்குப் பதிலாக வேறு யாரும் பேசவும் முடியாது. நான் தினமும் கடையில்தான் இருக்கிறேன். வேண்டாம் என்று வந்து சொல், வர முடியாவிட்டால் போன் செய். உனக்குத்தான் குரல் இருக்கிறதே. நீ சொல்லாவிட்டால் இந்த வெள்ளிக்கிழமை காலை பத்தர் நெருப்பை மூட்டுவார்.